செத்தவன் சிரிக்கிற ஷாட்

திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவை டீ குடிச்சுக்கிட்டு நிக்கறேன். எதுத்தாப்புல ஒருத்தரு என்னையவே உத்து உத்துப் பாத்துக்கிட்டிருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பக்கத்துல வந்து, தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, ரொம்ப மரியாதையாக் கேட்டாரு: "ஏனுங்க, நீங்க செத்துப் போனவருதானுங்களே?"

"ஆமாங்க"ன்னேன். வேற என்னத்தைச் சொல்ல?

"அன்னைக்கு எங்க ஊட்டுப் பொம்பளைங்க பொழுதுக்கும் அழுதாங்க. ஒருத்தியும் சோறு திங்கலைங்க"ன்னாரு. அந்தாளு சந்தோசமாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் டீ கசந்து போச்சு.

என் பேரு புகழெல்லாம் இவ்வளவுதானுங்க. எழுபதுகள்லயும் எண்பதுகள்லயும் தமிழ் சினிமாவுல கதாநாயகனுக்கு ஒரு அப்பன் வேணும். அந்த அப்பன் சீக்கிரமாச் சாகணும். அவன் செத்தாத்தான் இவன் சபதம் போட முடியும், தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் பட்டணம் போக முடியும், வில்லனைத் தேடிப் புடிக்க முடியும். சாகற அந்த அப்பன் நான்தான். கத்திக்குத்து, நெஞ்சுவலி, லாரி மோதி, வெசம் வெச்சு, மானம் போயின்னு எனக்கு வராத சாவு இல்ல. டைட்டில்ல என் பேரு பெரும்பாலும் 'மற்றும் பலர்'ங்கறதுக்குள்ள போயிரும்.

சாகறதுக்குன்னே பொறந்தவன் இல்ல நான், அதைத் தெரிஞ்சுக்குங்க. நாடகத்துல நான் வேற ஆளு. கோயில் நோம்பி, திருவிழான்னா ராசிபுரம், சங்ககிரி, பரமத்தின்னு எங்க குழுவைக் கூப்பிடுவாங்க. முப்பது வயசுலயே எனக்கு முன் மண்டை வழுக்கை. அதனால பண்ணையாரு, போலீசு அதிகாரி, குடும்பத்தைத் தொலைச்ச தகப்பன்னு கிழட்டு வேசமெல்லாம் எனக்குத்தான். வந்து நின்னு வாயைத் தொறந்தா, மைக் செட்டு படுத்துக்கிட்டாலும் பரவால்ல, கடைசியில வேப்பமரத்துக்கடியில கடலைக்காய் விக்கறவளுக்கும் கேக்கும். மருமகளைத் தொரத்துன மகனை நான் சபிக்கற காட்சி ஒண்ணு இருந்துச்சு. அதுல எனக்கு வசனம் ஒரு பக்கம். ஊர் ஊருக்கு அதை மறுபடியும் பேசச் சொல்லிக் கேப்பாங்க. அது ஒரு காலமுங்க.

ஆட்டையாம்பட்டி நோம்பியில வந்துச்சு வினை. நாடகத்துல என்னையக் குத்திப் போட்ருவாங்க, நான் விழுவேன், படுதா எறங்கும். அன்னைக்குப் படுதாக் கயிறு உருளையில சிக்கிக்கிச்சு. இழுக்கறாங்க, இழுக்கறாங்க, எறங்கலை. அடுத்த காட்சி காமெடி. அந்த ரெண்டு பேரும் எத்தனை நேரம் காத்திருப்பாங்க? நான் கெடக்கக் கெடக்கவே மேடைக்கு வந்து ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தன் என்னையத் தாண்டித் தாண்டி ஆடறான். இன்னொருத்தன், "இது யாருடா குறுக்க?"ன்னு என் வயித்துல காலை வெக்கறான். ஊரே கைதட்டுது. என் கண்ணு எமையில விட்டில் பூச்சி ஒண்ணு வந்து உக்காந்துச்சு. நான் அசையலை. நெஞ்சு ஏறி எறங்காம, அடிவயித்துல மட்டும் நூலாட்டம் மூச்சு விட்டுக்கிட்டு, கண்ணைப் பாதி தொறந்தபடி கெடந்தேன். நாடகக்காரன் செத்தா செத்ததுதான், படுதா விழற வரைக்கும்.

முன் வரிசையில சேலத்து சினிமா ஸ்டூடியோ ஆளு ஒருத்தரு உக்காந்திருந்திருக்காரு. முடிஞ்சதும் பின்னால வந்து கையைப் புடிச்சுக்கிட்டாரு. சாபம் குடுக்கற வசனத்தைப் பத்திச் சொல்லப் போறாருன்னு நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கறேன். "அடடா, என்னமாப் படுத்திருந்தீங்க!"ன்னாரு. "எங்களுக்கு உங்களாட்டம் ஒரு ஆளுதாங்க வேணும்"ன்னாரு.

பேசுனதுக்கு இல்லைங்க. பேசாமக் கெடந்ததுக்குத்தான் எனக்கு சினிமா கெடச்சுது. அன்னைக்கே எனக்கு உறைச்சிருக்கணும். எனக்கு எங்க உறைச்சுது? தெரு முக்குல இருக்கறவனுக்கெல்லாம் கூப்பிட்டுச் சொன்னேன்.

ஸ்டூடியோவுல மொத தடவை பாடையில படுத்தது நல்லா ஞாபகம் இருக்குது. பச்சை மூங்கி, பச்சைத் தென்னங்கீத்து. கட்டுனவரு நிசமாவே ஊருல கட்டறவரு, அந்த வேலைக்குன்னே கூட்டிக்கிட்டு வந்திருந்தாங்க. என்னையப் படுக்க வெச்சுக் கால் கட்டை வெரலு ரெண்டையும் சேத்துக் கட்டுனாரு. கட்டிட்டு, "மன்னிச்சுக்குங்க சாமி"ன்னாரு. மூக்குல பஞ்சு. நெத்தியில காசு. பெரிய பெரிய லைட்டு மூஞ்சியில சுடுது. சினிமாவுல எனக்குச் சம்சாரமா வந்த அம்மா என் மேல விழுந்து அழுவுது. டைரக்டர் 'கட்' சொன்னாரு. நான் எந்திரிக்கப் போனேன். "இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க"ன்னு நாலு பேரு ஓடி வந்தாங்க.

பூசணிக்காய் சுத்தி ஒடைச்சாங்க. சூடம் காட்டுனாங்க. அப்பறம் கேமராக்காரரு சொன்னாரு: "ஐயா, இப்ப மெதுவா எந்திரிச்சு உக்காந்து, கேமராவப் பாத்து நல்லாச் சிரிங்க."

என்னமோ வெளையாடறாங்கன்னு நெனச்சேன். வெளையாட்டு இல்ல, சினிமாக்காரங்க வழக்கம் அது. பொணமா நடிச்சவன் பொணமாவே எடத்தை விட்டுப் போகக் கூடாது. அவன் எந்திரிச்சுச் சிரிக்கறதையும் அதே கேமராவுல, அதே பிலிம்ல புடிச்சுரணும். அப்பத்தான் தோசம் கழியும். அந்தத் துண்டு படத்துல வராது, எடிட்டிங்ல வெட்டிக் கூடையில போட்ருவாங்க. நானும் எந்திரிச்சேன், மூக்குப் பஞ்சைப் புடுங்கிட்டுச் சிரிச்சேன். நல்ல சிரிப்பு அது. அதுக்கப்பறம் செத்த ஒவ்வொரு படத்துலயும் சிரிச்சேன். நான் செத்ததைத் தமிழ்நாடே பாத்துச்சு. சிரிச்சதை ஒருத்தரும் பாக்கலை.

என்ற சம்சாரத்துக்கு இதெல்லாம் சுத்தமாப் புடிக்காது. எங்க ஊரு திருச்செங்கோட்டுல இருந்து பஸ்சுல போயி எறங்கிக் கொஞ்சம் நடக்கணும். நான் சூட்டிங் முடிஞ்சு ஊட்டுக்குப் போனா, வாசல்லயே நிறுத்திப் போடுவா. "ஏனுங்க, படமா, பாடையா?" இதுதான் மொத கேள்வி. பாடைன்னா உள்ள விடமாட்டா. சொம்புல இல்ல, குடத்துல தண்ணி கொண்டாந்து தலையோட ஊத்துவா. ஊத்திட்டு அடுத்த கேள்வி:

"சிரிச்சீங்களா?"

"சிரிச்சேன்."

"எங்க, எப்படிச் சிரிச்சீங்க? சிரிங்க பாக்கலாம்."

சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு நான் சிரிக்கணும். பக்கத்து ஊட்டுக்காரங்க சொவத்துக்கு மேல எட்டிப் பாப்பாங்க. அதைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் இல்ல. நான் சிரிச்சதும் அவளும் சிரிச்சுப் போடுவா. அப்பறந்தான் துண்டு வரும், சோறு வரும், ஊருப் பேச்சு நாயமெல்லாம் வரும்.

அவ அப்படிச் சாங்கியம் பாத்ததுக்குக் காரணம் இருந்துச்சு. எங்க பக்கம் கல்யாணத்துல சீரெல்லாம் அருமைக்காரரும் அருமைக்காரியும்தான் முன்னால நின்னு செய்யணும். புருசனும் பொஞ்சாதியுமா, குழந்தை குட்டியோட, நல்லா வாழறவங்களைப் பாத்துத்தான் அதுக்குக் கூப்பிடுவாங்க. என்ற சம்சாரம் அருமைக்காரி. ராசியான கையின்னு பேரு அவளுக்கு. அவ மொத மஞ்சளைத் தொட்டு வெச்ச பொண்ணு ஒண்ணும் சோடை போனதில்லைம்பாங்க. மல்லசமுத்திரத்துல இருந்து வருவாங்க, வெண்ணந்தூர்ல இருந்து வருவாங்க. தை மாசம், வைகாசி மாசம் வந்துட்டா அவளைக் கையில புடிக்க முடியாது. வாசல்ல அம்பாசிடர் வந்து நிக்கும். அந்தக் கார் எனக்கு ஒரு நாளும் வந்ததில்ல. "உங்குளுக்கு சூட்டிங், எனக்கும் சூட்டிங்"னு சொல்லிக்கிட்டுப் பட்டுச்சீலையைச் சரசரன்னு இழுத்துக்கிட்டுப் போயி ஏறுவா. எங்க ரெண்டு பேருல நிசமான நட்சத்திரம் அவதான். பந்தல்ல அவ நின்னா எல்லாரும் அவ வாயைப் பாத்துத்தான் நகருவாங்க. எனக்கு அது பெருமையா இருந்துச்சு, மறைக்கறதுக்கு என்ன இருக்குது?

புருசன் உயிரோட இருக்கற வரைக்குந்தான் அந்தக் கைக்கு மதிப்பு. அது எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். ஆனா நான் கல்லாட்டம் திடமா இருந்தேன். எனக்கு என்ன வந்துச்சு, சினிமாவுல சாகற சாவுதானேன்னு விட்டுட்டேன்.

அப்பறம் வந்துச்சுங்க அந்தப் படம். பேரு வேண்டாம். கலர் படம், பெரிய கதாநாயகன். நான் வழக்கம் போல அப்பன். ஆனா அந்த டைரக்டரு புதுசு, படிச்சவரு, எல்லாத்தையும் நிசமாட்டம் காட்டணும்னு ஒத்தைக் கால்ல நிப்பாரு. நான் பாடையில கெடக்க, என் பக்கத்துலயே எனக்குச் சம்சாரமா நடிச்ச அம்மாவை உக்கார வெச்சுப் பூவைப் பிச்சு, வளையலை ஒடைச்சு, பொட்டை அழிச்சு, தாலியை அறுக்கற வரைக்கும் ஒண்ணு விடாம எடுத்தாரு. அந்தம்மா மூஞ்சியும் என் மூஞ்சியும் ஒட்டுக்கா தெரியற மாதிரி கேமராவை வெச்சுட்டாரு. அழிக்கற கையி, அதுக்குப் பின்னால என் செத்த மூஞ்சி. மூணு நாளு அதையே எடுத்தாங்க.

கடைசி ஷாட்டு முடிஞ்சுது. நான் எந்திரிச்சு உக்காந்து, "ம், சிரிக்கட்டுங்களா?"ன்னேன். கேமராக்காரரு டைரக்டரைப் பாத்தாரு. "இன்னும் இந்த மூட நம்பிக்கையெல்லாம் எதுக்குங்க? பிலிம் வேஸ்ட்டு"ன்னுட்டாரு அவரு. கதாநாயகனோட காரு கிளம்பிருச்சு, அதுக்குப் பின்னாலயே எல்லாரும் கிளம்பிட்டாங்க. லைட்டு ஒண்ணொண்ணா அணையுது. எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. "பிலிம் வேண்டாஞ் சாமி, சும்மாவாச்சும் அந்தப் பொட்டியைத் திருப்புங்க"ன்னு கத்துனேன். கேமராவைத் துணி போட்டு மூடிக்கிட்டிருந்த ஆளு பாவப்பட்டு என் பக்கம் திரும்பி நின்னான். அவனைப் பாத்துச் சிரிச்சேன்.

ஊட்டு வாசல்ல அவ தண்ணி ஊத்திட்டுக் கேட்டா. "சிரிச்சேன், ஆனா கேமரா ஓடலை"ன்னேன். மறுபடி கெணத்தடிக்குப் போயி இன்னொரு குடம் கொண்டாந்து ஊத்துனா. "போவுது, விடுங்க. நான் பாக்கச் சிரிங்க, அது போதும்"ன்னா. சிரிச்சேன்.

படம் ஓடுச்சுன்னா ஓட்டம், அப்படி ஒரு ஓட்டம். டவுன்ல ஓடி முடிஞ்சு டூரிங் கொட்டாய்க்கெல்லாம் வந்து, நோம்பிக்கு நோம்பி மறுபடியும் போட்டாங்க. வண்டி கட்டிக்கிட்டுப் பொம்பளைங்க போனாங்க. அந்தப் பொட்டழிக்கற காட்சியில கொட்டாயே ஒப்பாரி வெச்சுதுன்னு சொன்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் குளுகுளுன்னுதான் இருந்துச்சு. அட கெரகமே, அதுல என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியலையே!

மொதல்ல ராசிபுரத்துக் கல்யாணம் ஒண்ணு. பத்திரிகை வந்துச்சு, அம்பாசிடர் வரலை. "அவங்க சொந்தம் ஒறம்பரையிலயே ஒரு அருமைக்காரி கெடச்சுட்டாங்களாம்"னு இவ சொன்னா. அடுத்ததுல, "இந்த தடவை பக்கத்துலயே பாத்துக்கறோம், நீங்க எதுக்குச் செரமப்படணும்"னாங்களாம். தை போச்சு. வைகாசி வந்துச்சு. பட்டுச்சீலை பொட்டிக்குள்ளயே கெடந்துச்சு. தண்ணி எடுக்கப் போன எடத்துல ஒரு கெழவி இவ கழுத்தை வெறிச்சுப் பாத்துட்டு, "உம் புருசன் நல்லாத்தான இருக்கறாரு?"ன்னு கேட்டிருக்கறா. வந்து எங்கிட்டச் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. சொல்லிட்டு உள்ள போனவ ரொம்ப நேரம் வரலை.

ஒருத்தரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொல்லலைங்க. அதுதான் கொடுமை. சொன்னா சண்டைக்குப் போலாம். அவங்க கண்ணுல அந்தச் செத்த மூஞ்சியும் அழிச்ச பொட்டும் ஒட்டிக்கிச்சு. நல்ல காரியத்துல இவ வந்து நின்னா அதுதான் ஞாபகம் வருது. அவங்களுக்கு நான் செத்தவன். இவ தாலியறுத்தவ. நான் பஸ்சுல போறேன், கடையில வெத்தலை வாங்கறேன், அவங்ககிட்டயே நின்னு பேசறேன். அதெல்லாம் கணக்குல வரலை. கொட்டாயில பாத்ததுதான் நிசம்.

இதுக்கெல்லாம் உச்சமா என் அண்ணன் மக கல்யாணம் வந்துச்சு. அந்தப் புள்ளைய வளத்ததே இவதான். எங்களுக்கு ஒரே மகன், பொண்ணு இல்ல. அதனால அண்ணன் மக பாதி நாளு எங்க ஊட்டுலதான் கெடக்கும். அது வயசுக்கு வந்தப்ப இருந்தே, "உன் கல்யாணத்துக்கு மொத மஞ்சள் என் கையிதான் சாமி"ன்னு இவ சொல்லிக்கிட்டிருந்தா. குமாரபாளையத்துல தறி வெச்சிருக்கற குடும்பத்துல மாப்பிள்ளை. அண்ணன் சம்சாரம், எங்க பக்கம் நங்கையான்னு கூப்பிடுவோம், அவங்களே வந்து வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டுட்டுப் போனாங்க. "நீ வந்து நின்னு எல்லாத்தையும் எடுத்துச் செய்யி"ன்னாங்க. இவளுக்குப் போன உசுரு திரும்பி வந்தாப்புல ஆச்சு. பட்டுச்சீலையை வெயில்ல போட்டு எடுத்தா. எனக்கும் ஒரு புதுச் சட்டை தெக்கச் சொன்னா. "நீங்க முன்னால நில்லுங்க. எல்லாரும் உங்களை நல்லாப் பாக்கட்டும்"ன்னா.

பந்தல்ல பொண்ணை உக்கார வெச்சாச்சு. இவ குளிச்சு, தலை நெறையப் பூ வெச்சுக்கிட்டு, மஞ்சள் கிண்ணத்தை எடுக்கக் குனிஞ்சா. மாப்பிள்ளைக்குப் பெரியம்மா ஒருத்தி எந்திரிச்சு நங்கையா காதுல என்னமோ சொன்னா. நங்கையா மூஞ்சி மாறிப் போச்சு. கிட்ட வந்து இவ கையில இருந்த கிண்ணத்தை மெதுவா வாங்கிக்கிட்டாங்க.

"நீ செத்த நேரம் பந்திப் பக்கம் பாரு சாமி. அங்க ஒருத்தரும் இல்ல."

நான் ரெண்டு எட்டுத் தள்ளி, புதுச் சட்டையப் போட்டுக்கிட்டு, முழுசா உயிரோட நிக்கறேன்! அண்ணன் கிட்டப் போயி, "என்னண்ணா இது? நான் செத்தா போயிட்டேன்? இந்தா நிக்கறேன் பாரு"ன்னேன். "பேசாம இருடா"ன்னான் அண்ணன். "சம்மந்தி ஊட்டுக்காரங்க சங்கடப்படறாங்க. படத்துல பாத்தவங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுல்ல? உன்னைய யாரு அப்படியெல்லாம் நடிக்கச் சொன்னது?"

மகனைச் சபிக்கற அந்த ஒரு பக்க வசனம் அப்படியே தொண்டைக்கு வந்துச்சு. மைக் இல்லாம அந்தப் பந்தலையே அதிர வெச்சிருப்பேன். இவ வந்து என் மணிக்கட்டைப் புடிச்சா. "பேசாமப் பொட்டாட்ட இருங்க. நம்ம புள்ள கல்யாணம். அது கண்ணு கலங்கக் கூடாது"ன்னா. சொல்லிட்டுச் சீலை முந்தியைச் சொருகிக்கிட்டுப் பந்திப் பக்கம் போயிட்டா. இலை போட்டா, ரசம் ஊத்துனா, வந்தவங்களை உக்காருங்க உக்காருங்கன்னா. அவ மஞ்சள் பூச வேண்டிய நேரத்துல பொரியல் வெச்சுக்கிட்டிருந்தா. நான் அசையாம நின்னேன். எனக்குத்தான் அது நல்லா வருமே.

சாப்பிட்டு முடிஞ்சதும் மாப்பிள்ளை ஊட்டு எளவட்டங்க என்னையச் சுத்திக்கிச்சு. "ஏனுங்க, மூச்சே விடாம எப்படிங்க படுத்திருந்தீங்க? ஒருக்காப் பண்ணிக் காட்டுங்களே." நாக்கைப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அதுக்கப்பறம் சாக மாட்டேன்னு முடிவு பண்ணுனேன். மெட்ராசுக்குப் போயி ஒவ்வொரு ஆபீசா ஏறி எறங்குனேன். "உயிரோட இருக்கற வேசம் ஏதாச்சும் குடுங்க"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "உங்க மூஞ்சி அதுக்குன்னே அமைஞ்சதுங்க, பாத்ததுமே ஜனங்களுக்கு அழுகை வருது"ன்னு ஒருத்தரு சொன்னாரு, பாராட்டறாராம். வந்த பாடையெல்லாம் வேண்டாம்னேன். அதோட எனக்கு வேலையும் கொறஞ்சு போச்சு.

ரொம்ப நாளு அலைஞ்சு, எண்பதுகள் நடுவுல ஒரு வேசம் கெடச்சுது. தாத்தா வேசம். பேத்தி கல்யாணத்துல முன்னால நின்னு, அட்சதை தூவி, நாலு வார்த்தை வாழ்த்திப் பேசணும். சாகறதே இல்ல! ஊட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கலை. "அட்சதையை எப்படித் தூவறதுன்னு உங்குளுக்கு என்ன தெரியும்? கையை இப்படி வெக்கக் கூடாது, இப்படி வெக்கணும். தலைக்கு மேல போகக் கூடாது, பட்டும் படாம விழுகணும்"னு அரிசியை எடுத்துக் கையில குடுத்துச் சொல்லித் தந்தா. அவ கையி செய்ய முடியாததையெல்லாம் அன்னைக்கு என் கைக்குச் சொல்லிக் குடுத்தா. அப்படியே நடிச்சேன். வசனத்தை நானே, என் தொண்டையில, எங்க ஊரு பேச்சுலயே பேசுனேன். ஷாட்டு முடிஞ்சதும் ஒரு ஸ்டில் எடுத்தாங்க, சிரிச்ச மூஞ்சியா.

படம் திருச்செங்கோட்டுக்கு வந்தப்ப, "நானும் வாரேன்"னா. நான் நடிச்ச ஒரு படத்தையும் அவ பாத்ததில்ல. அந்தப் பட்டுச்சீலையக் கட்டிக்கிட்டு மத்தியான ஆட்டத்துக்கு வந்தா. எங்க ஊருப் பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு முன்னால உக்காந்திருந்தாங்க. பாக்கட்டும்னு அவ பின்னால போயி உக்காந்தா.

கல்யாணக் காட்சி வந்துச்சு. பந்தல் வந்துச்சு, மேளம் வந்துச்சு. நான் வரலை. பொண்ணா நடிச்ச புள்ள அழுதுக்கிட்டே ஒரு சொவத்துப் பக்கம் போச்சு. சொவத்துல என் போட்டோ. அந்த ஸ்டில்லுதான், சிரிச்ச மூஞ்சி. அதுக்கு மாலை போட்டு, முன்னால வெளக்கு வெச்சிருந்தாங்க. "தாத்தா, நீங்க இருந்திருந்தா..."ன்னு அந்தப் புள்ள கும்புட்டுச்சு. படம் நீளமாப் போச்சுன்னு என் காட்சியை வெட்டிட்டு, தாத்தா முன்னாலயே செத்துட்டாருன்னு கதையை மாத்திட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. முன் வரிசையில இருந்த எங்க ஊருப் பொம்பளைங்க ஒருத்தர் பின்னால ஒருத்தரா திரும்பி எங்களைப் பாத்தாங்க. என்னைய இல்ல, அவளை.

அவ படம் முடியற வரைக்கும் நேரா திரையைப் பாத்துக்கிட்டே இருந்தா. வெளிய வந்து பஸ்சுக்கு நிக்கறப்ப, "சிரிச்ச மூஞ்சியை ஒருக்காலாச்சும் படத்துல காட்டுனாங்களே"ன்னா. எனக்கு அந்த ரோட்டுலயே விழுந்து அழுகணும் போல இருந்துச்சு.

அடுத்த வருசம் அவளுக்கு மஞ்சக்காமாலை. சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம், திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்தோம். மகன் ரிக் வண்டியில ஆந்திராப் பக்கம் கெணத்துக்குப் போர் போடப் போயிருந்தவன் ஓடி வந்தான். ரெண்டு நாளு அவன் மடியில தலை வெச்சுப் படுத்திருந்தா. ஒரு காலையில, வெயில் நல்லா ஏறுன நேரம், போயிட்டா.

ஒறம்பரை எல்லாம் வந்து சேந்துச்சு. அவளைக் குளிப்பாட்டி, அந்தப் பட்டுச்சீலையையே கட்டி, நெத்தி நெறையப் பொட்டு வெச்சுப் பூ வெச்சு வாசல்ல படுக்க வெச்சாங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். பொம்பளைங்க ஒவ்வொருத்தியாக் கிட்ட வந்தாங்க. நங்கையா மொதல்ல. அந்தக் குமாரபாளையத்துப் பெரியம்மா கூட வந்திருந்தா. குனிஞ்சு, அவ நெத்திக் குங்குமத்துல வெரலைத் தொட்டு எடுத்துத் தங்களோட தாலியில வெச்சுக்கிட்டாங்க. அவ கன்னத்து மஞ்சளைத் தொட்டு மூஞ்சியில பூசிக்கிட்டாங்க. "குடுத்து வெச்ச மகராசி. புருசன் உசுரோட இருக்கப் பூவோட பொட்டோட போறா. இந்த மஞ்சள் யாருக்குக் கெடைக்கும்?"

எத்தனை பாடையில எத்தனை பேச்சைக் கேட்டுக்கிட்டு அசையாமக் கெடந்தவன் நான். அன்னைக்கு எந்திரிச்சேன்.

"எடுங்கடி கையை! இப்பத்தான் தெரிஞ்சுதா நான் உசுரோட இருக்கறது? அவ நின்னுக்கிட்டுக் குடுத்தப்ப வேண்டாத மஞ்சளு, இப்ப என்னத்துக்கு?"

வேப்பமரத்துக்கடி வரைக்கும் கேக்கற அந்தத் தொண்டைதான். குங்குமம் எடுத்த வெரலை நங்கையா அப்படியே மடக்கிக்கிட்டாங்க. பின்னால இருந்து யாரோ ஒருத்தி, ஆறுதலாத்தான் சொன்னா பாவம்: "சினிமாவுல நடிச்ச மனுசன், அழுகையும் அப்படித்தான வரும்." நான் மறுபடியும் அவ பக்கத்துலயே உக்காந்துட்டேன்.

எரிச்சுட்டு வந்தோம். வாசல்ல நங்கையா குடத்துல தண்ணி வெச்சுக்கிட்டு நின்னாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன், ஊத்துனாங்க. மகன் உள்ள போனான், அண்ணன் போனான், மத்தவங்களும் போனாங்க. நான் சொட்டச் சொட்ட அங்கயே நின்னுக்கிட்டிருந்தேன்.

"ஏன்டா நிக்கற? உள்ள வா"ன்னு அண்ணன் முன்கூடத்து ஆசாரத்துல இருந்து கூப்பிட்டான்.

சிரிச்சீங்களான்னு அவ இன்னும் கேக்கலையே, நான் எப்படி உள்ள போறது?